மலை, பனி, புழுதி, அதிர்வு: அவசரகால மூச்சுக் கருவிகளுக்கு வெளியிடத்தில் என்ன ஆகிறது?

மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் வென்டிலேட்டருக்கு எல்லாம் தோதாக அமைந்திருக்கும். சுவர்க் குழாயிலிருந்து சீரான அழுத்தத்தில் ஆக்சிஜன் வரும். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் ஓடும். அறை அதிகம் குளிராது, அதிகம் சூடாகாது. அதே வேலையை ஓடுகிற ஆம்புலன்ஸிலும் ஹெலிகாப்டரிலும் பனிச் சரிவிலும் புழுதிக்காற்றிலும் செய்ய வேண்டிய சின்னக் கருவிக்கு இதில் எதுவும் உறுதியில்லை.

இப்படிப்பட்ட கருவி என்றதும், ‘அங்கே வேலை செய்யுமா, நின்றுபோகுமா?’ என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். நின்றுபோனால் அலாரம் அடிக்கும், பக்கத்தில் இருப்பவர் உடனே கவனித்துவிடுவார். இதைவிட ஆபத்தானது, கருவி ஓடிக்கொண்டே தவறான அளவைத் தருவது. திரையில் 500 மில்லிலிட்டர் என்று காட்டும்; நுரையீரலுக்குள் 600 போய்க்கொண்டிருக்கும். மோசமான சூழலில் இந்த வகைப் பிழை எப்படி வருகிறது என்று புரிந்துகொண்டால், இந்தக் கருவிகளைப் பற்றிய பாதி விஷயம் புரிந்த மாதிரி.

முதலில் அடிப்படை. தானாக மூச்சுவிடும்போது நெஞ்சு விரிகிறது, உள்ளே அழுத்தம் குறைகிறது, காற்று தானே நுழைகிறது. வென்டிலேட்டர் இதைத் தலைகீழாகச் செய்கிறது. வெளியிலிருந்து அழுத்தம் கொடுத்துக் காற்றைத் தள்ளுகிறது. பிறகு ஒரு வால்வைத் திறந்து காற்று வெளியேற வழிவிடுகிறது. ஒரு மூச்சுக்கு எவ்வளவு என்பதை நோயாளியின் உயரத்துக்கு உரிய எடையை வைத்துக் கணக்கிடுவார்கள், பொதுவாக கிலோவுக்கு 6 முதல் 8 மில்லிலிட்டர். 70 கிலோ என்றால் 420 முதல் 560 மில்லிலிட்டர். நிமிடத்துக்கு 14 மூச்சு என்று வைத்தால் மொத்தம் 6 முதல் 8 லிட்டர். இந்த எண்கள் பின்னால் பல இடங்களில் வரும்.

இந்த அளவு கூடினால் என்ன கெட்டுவிடும் என்று நினைக்கலாம். நுரையீரல் ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருந்தால் நிறையவே கெடும். 2000ஆம் ஆண்டு வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு, கடுமையான நுரையீரல் பாதிப்பு உள்ளவர்களை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் கிலோவுக்கு 12 மில்லிலிட்டரும் இன்னொரு குழுவுக்கு 6 மில்லிலிட்டரும் இலக்காக வைத்தது. அதிகம் கொடுத்த குழுவில் இறந்தவர்கள் ஏறக்குறைய 40 சதவீதம், குறைவாகக் கொடுத்த குழுவில் 31 சதவீதம். அதனால் ஒரு மூச்சின் அளவை வெறும் இயந்திரக் கணக்காகப் பார்க்க முடியாது.

மூன்று வகைக் கருவிகள்

1952இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது மூச்சுவிட முடியாதவர்களுக்கு மருத்துவ மாணவர்கள் முறைவைத்து உட்கார்ந்து கையால் பையை அழுத்திக் காற்று கொடுத்தார்கள். அந்தப் பை நிரம்புவதற்கு எங்கிருந்தாவது வாயு வந்துகொண்டே இருக்க வேண்டும். 1956இல் டென்மார்க்கில் ஹென்னிங் ரூபனும் ஹோல்கர் ஹெஸ்ஸேயும், அழுத்திவிட்டால் தானே விரிந்து சுற்றியுள்ள காற்றை இழுத்துக்கொள்ளும் பையைக் கொண்டுவந்தார்கள். இன்று எல்லா ஆம்புலன்ஸிலும் இருக்கும் ஆம்பு பை அதுதான். சிலிண்டர் தீர்ந்தாலும் மின்சாரம் இல்லாவிட்டாலும் இது வேலை செய்யும்.

இரண்டாவது வகை, சிலிண்டரில் இருக்கும் வாயுவின் அழுத்தத்திலேயே ஓடும் வென்டிலேட்டர். பேட்டரி தேவைப்படாத எளிய பெட்டிகள் இதில் உண்டு. உறுதியானவை, ஆனால் சிலிண்டர் தீர்ந்தால் அவையும் தீர்ந்தன. மூன்றாவது வகை மின்சாரத்தில் ஓடுவது. உள்ளே ஒரு சின்ன டர்பைனோ (வேகமாகச் சுழலும் விசிறி) பிஸ்டனோ சுற்றியுள்ள காற்றை இழுத்துத் தள்ளும். ஆக்சிஜன் தேவைக்கேற்ப அதோடு கலக்கும். இப்போது அதிகம் புழங்குவது இந்த வகைதான். சிலிண்டரை நம்பி இருக்காது, பேட்டரியை நம்பி இருக்கும்.

உயரம்: கண்ணுக்குத் தெரியாத சிக்கல்

எல்லாச் சூழலிலும் எனக்கு மிகவும் சுவாரசியமானதும் கவலை தருவதும் உயரம்தான். குளிரையும் புழுதியையும் உடனே உணர்ந்துவிடலாம். காற்றழுத்தம் குறைவதை அப்படி உணர முடியாது.

கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். 2,400 மீட்டரில் அது சுமார் 565. 5,500 மீட்டரில் ஏறக்குறைய பாதி. மலைக்குப் போனால்தான் இது என்று இல்லை. பயணிகள் விமானத்தின் உள்ளேயும் அழுத்தம் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமமாக இறங்கலாம். காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கே போனாலும் 21 சதவீதம்தான். மாறுவது, அந்த ஆக்சிஜனை நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குள் தள்ளும் அழுத்தம். அதனால் கடல் மட்டத்தில் 50 சதவீத ஆக்சிஜனில் சமாளித்துக்கொண்டிருந்த ஒருவருக்கு 2,400 மீட்டரில் அதே பலன் கிடைக்க ஏறத்தாழ 67 சதவீதம் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே 80 சதவீதத்தில் இருந்தவர் என்றால் 100 கொடுத்தாலும் சரிக்கட்ட முடியாது. கிளம்புவதற்கு முன்பே போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இது.

அடுத்தது கருவியின் பக்கம். வென்டிலேட்டருக்குள் காற்றின் ஓட்டத்தை அளக்கும் சென்சார் இருக்கும். ஒரு வகை, குறுகிய துளை வழியாகக் காற்று போகும்போது முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாட்டைப் பார்த்து ஓட்டத்தைக் கணிக்கும். உயரத்தில் காற்று லேசாகிவிடுகிறது, அதே ஓட்டத்துக்கு வேறுபாடு குறைவாகவே வரும். ‘காற்று போதவில்லை’ என்று நினைத்துக் கருவி இன்னும் தள்ளும். திருத்தம் எதுவும் இல்லாத கருவியில், 2,400 மீட்டரில் இந்தப் பிழை சுமார் 16 சதவீதம். 500 என்று வைத்தால் 580 போகும். இன்னொரு வகை, சூடான கம்பியைக் காற்று எவ்வளவு குளிர்விக்கிறது என்று பார்க்கும் சென்சார். அது உண்மையில் காற்றின் நிறையை அளக்கிறது. திருத்தம் இல்லாவிட்டால் அதில் பிழை 35 சதவீதம் வரை போகும். 500 என்பது 670ஐத் தாண்டும்.

சிலிண்டர் வாயுவில் ஓடும் எளிய பெட்டிகளிலும் இதே கதைதான், காரணம் மட்டும் வேறு. உயர் அழுத்தத்தில் ஒரு சின்னத் துளை வழியாக இத்தனை நொடிக்கு வாயுவை விடுவது என்று அவற்றை அமைத்திருப்பார்கள். வெளியே வரும் வாயுவின் நிறை அதிகம் மாறாது, வெளி அழுத்தம் குறைவாக இருப்பதால் அது கூடுதலாக விரிந்துவிடும். மூச்சின் அளவு பெரிதாகும், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பதும் நழுவலாம்.

டர்பைனுக்கு எதிர்மாறான தொல்லை. லேசான காற்றை அதே வேகத்தில் சுழற்றினால் அதே அழுத்தம் கிடைக்காது. கூடுதல் வேகத்தில் ஓடி ஓரளவு ஈடுகட்டும். அதற்கும் ஒரு மேல் வரம்பு உண்டு. சாதாரண நுரையீரல் உள்ளவருக்கு அது தெரியவே தெரியாது. இறுகிப்போன நுரையீரலுக்கு அதிக அழுத்தம் தேவைப்படும்போதுதான் டர்பைனால் முடியாமல் போகும்.

இன்றைய நல்ல கருவிகளுக்குள் காற்றழுத்தமானி இருக்கும்; உயரத்துக்கேற்பத் தாமே திருத்திக்கொள்ளும். எந்த உயரம் வரை திருத்தும் என்பது கையேட்டில் இருக்கும், அதைத் தாண்டினால் உத்தரவாதம் இல்லை. சில பழைய கருவிகளில் உயரத்தைக் கையால் பதிய வேண்டும். அதில் ஒரு பொறி இருக்கிறது. மேலே ஏறும்போது நினைவாக மாற்றிவிடுவார்கள், இறங்கியபின் பழைய நிலைக்குக் கொண்டுவர மறந்துவிடுவார்கள். அப்போது பிழை எதிர்ப்பக்கம் திரும்பி, நோயாளிக்குக் காற்று குறைவாகப் போகும்.

உயரத்தின் மூன்றாவது விளைவு, அடைபட்ட காற்று விரிவது. கடல் மட்டத்தில் 100 மில்லிலிட்டராக இருந்த காற்று 2,400 மீட்டரில் சுமார் 135 ஆகிறது. மூச்சுக்குழாய்க்குள் வைத்த டியூபைச் சுற்றி ஒரு சின்னக் காற்றுப் பை இருக்கும், கசிவு வராமல் அடைப்பதற்கு. அதன் அழுத்தம் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீர் அளவில் இருக்க வேண்டும். மேலே போகப் போக அது உப்பி, மூச்சுக்குழாயின் சுவரை அழுத்தி ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். கீழே இறங்கும்போது சுருங்கிக் கசியும். ஏறும்போதும் இறங்கும்போதும் அதன் அழுத்தத்தைத் தனி மானியால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நெஞ்சுக்கூட்டுக்குள் நுரையீரலுக்கு வெளியே காற்று கசிந்திருந்தால் இன்னும் ஆபத்து. அதனால்தான் பறப்பதற்கு முன்பே அதற்கு வடிகுழாய் போட்டுவிடுவார்கள்.

குளிர்

குளிரில் முதலில் அடிவாங்குவது பேட்டரி. லித்தியம் பேட்டரிக்குள் நடக்கும் வேதி இயக்கம் மந்தமாகும். நான்கு மணி நேரம் வரும் என்று எழுதியிருந்ததை உறைபனியில் எதிர்பார்க்கக் கூடாது, ஏனென்றால் அந்தக் கணக்கு அறை வெப்பநிலைக்கானது. மாற்று பேட்டரியைச் சட்டைக்குள், உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்வது மலை மீட்புக் குழுக்களின் பழக்கம். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே பேட்டரியை சார்ஜ் செய்யவும் கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரச் சேதம் ஆகும். நல்ல கருவிகள் அந்தக் குளிரில் சார்ஜ் ஏற்றுவதைத் தாமே தடுத்துவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ‘சார்ஜர் கெட்டுப்போன’ மாதிரி தெரியும்.

அப்புறம் ஈரம். நாம் வெளிவிடும் மூச்சு ஏறக்குறைய உடல் சூட்டில், நீராவி நிறைந்து வருகிறது. 37 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றில் 44 கிராம் நீர் தங்கும். மைனஸ் 10 டிகிரியில் அதே காற்றால் இரண்டு கிராமுக்குச் சற்று மேல்தான் வைத்துக்கொள்ள முடியும். மீதி எல்லாம் குழாயிலும் வால்வுகளிலும் நீராகப் படிந்து, பிறகு பனிக்கட்டியாகும். மூச்சு வெளியேறும் வால்வு திறந்தபடி உறைந்தால், தள்ளும் காற்று நோயாளிக்குப் போகாமல் வெளியே ஓடிவிடும். மூடியபடி உறைந்தால் மூச்சு வெளியேற முடியாமல் உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். இரண்டும் மோசம், இரண்டாவது உடனே உயிருக்கு ஆபத்து.

இதற்காக மூச்சுக்குழாய் டியூபுக்கும் கருவியின் குழாய்க்கும் நடுவே, ஈரத்தையும் சூட்டையும் பிடித்துவைக்கும் ஒரு சின்ன வடிகட்டியை மாட்டுவார்கள். வெளிமூச்சின் ஈரத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு அடுத்த உள்மூச்சில் திருப்பித் தரும். உலர்ந்த குளிர் வாயு மூச்சுப்பாதையைக் காயவைக்காமல் காக்கும். வால்வுகளுக்குப் போகும் ஈரமும் குறையும். ஆனால் அதுவே நனைந்து ஊறிவிட்டால் மூச்சுக்குத் தடையாகும், மாற்ற வேண்டும். குழாய்களைப் போர்வைக்குள் விட்டு எடுப்பது எளிய வழி, நன்றாகவே உதவும். பிவிசி குழாய் குளிரில் விறைத்து விரிசல் விடலாம். சிலிக்கோன் அந்த அளவு விறைக்காது. ஆம்பு பைக்கும் இதே விதி. விறைத்துப்போன பை அழுத்தியபின் மெதுவாகத்தான் விரியும்.

சிலிண்டரின் மானியும் குளிரில் குழப்பும். 20 டிகிரியில் 200 பார் காட்டிய சிலிண்டர் மைனஸ் 20க்குப் போனதும் 173 அளவில் காட்டும். வாயு கசியவில்லை, குளிர்ந்ததால் அழுத்தம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். விரல் நுனியில் மாட்டும் ஆக்சிஜன் மானியும் அப்படித்தான்: குளிரில் விரலுக்கு ரத்த ஓட்டம் சுருங்குவதால் அது எண்ணே காட்டாமல் இருக்கலாம், அல்லது நம்ப முடியாத எண்ணைக் காட்டலாம்.

வெப்பம், புழுதி, புகை

வெயிலில் நிறுத்திய மூடிய வண்டிக்குள் வெப்பம் வெளியைவிட மிக அதிகமாக ஏறும். அங்கேயே வைத்திருந்த பேட்டரியின் ஆயுள் குறையும். கருவியும் உள்சூட்டைப் பார்த்துத் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளலாம். மென்மையான குழாய்கள் இளகி மடங்கும். வெப்பத்துக்கு இவ்வளவு போதும்.

டர்பைன் கருவி சுற்றியுள்ள காற்றை இழுக்கிறது என்று சொன்னேன். சுற்றிலும் புழுதி என்றால் புழுதியையும் இழுக்கும். நுழைவாயிலில் வடிகட்டி இருக்கும். ஹெலிகாப்டர் இறங்கும்போது கிளம்பும் மண்ணில் அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் டர்பைன் திணறும், பேட்டரி வேகமாகக் கரையும். புகையும் நச்சு வாயுவும் இதைவிடக் கவலைக்குரியவை, ஏனென்றால் சாதாரண தூசி வடிகட்டி வாயுக்களைத் தடுக்காது. அதற்கென்று தனி வடிகட்டி மாட்டும் வசதி சில கருவிகளில் உண்டு. இல்லாதபோது வெளிக்காற்றைக் கலக்காமல் சிலிண்டர் ஆக்சிஜனை மட்டும் கொடுக்கும் நிலைக்கு மாற்ற வேண்டும். சிலிண்டரில் ஓடும் பெட்டிகளில் ‘ஏர் மிக்ஸ்’ என்று ஒரு சுவிட்ச் இருக்கும். புகைக்குள் அது அணைந்திருக்க வேண்டும்.

அந்தச் சுவிட்சுக்கு ஒரு விலையும் உண்டு. இரண்டு லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டர், 200 பார் அழுத்தம் என்றால் உள்ளே சுமார் 400 லிட்டர் ஆக்சிஜன். நிமிடத்துக்கு 7 லிட்டர் மூச்சை முழு ஆக்சிஜனாகக் கொடுத்தால் 57 நிமிடம் வரும். காற்றோடு கலந்து 50 சதவீதமாகக் கொடுத்தால் நிமிடத்துக்கு 2.6 லிட்டர் போதும். இரண்டரை மணி நேரம் வரும். கருவி ஓடுவதற்கே கொஞ்சம் வாயு செலவாகும், முகமூடியில் கசியும், கடைசிச் சொட்டுவரை நம்பவும் முடியாது. அதனால் கணக்கில் வருவதைவிடத் தாராளமாகவே எடுத்துப் போக வேண்டும்.

இதைப் பார்த்ததும் கான்சன்ட்ரேட்டர் எதற்கு இருக்கிறது என்று தோன்றும். காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு 93 சதவீதம் அளவில் ஆக்சிஜனைத் தரும் கருவி அது. தீராது என்பது அதன் பலம். ஆனால் தூக்கிச் செல்லும் வகைகள் நிமிடத்துக்குச் சில லிட்டர்தான் தரும், மின்சாரம் வேண்டும், ஈரப்பதம் உள்ளே நுழைந்தால் நைட்ரஜனைப் பிடிக்கும் ஜியோலைட் மணிகள் கெடும், உயரத்தில் திறன் குறையும். அவசரத்துக்குச் சிலிண்டரை அது ஒதுக்கிவிடவில்லை.

அதிர்வும் சத்தமும்

நோயாளி தானே மூச்செடுக்க முயன்றால் குழாயில் அழுத்தமோ ஓட்டமோ லேசாக மாறும். அதைப் பிடித்து வென்டிலேட்டர் ஒரு மூச்சு தரும். ஹெலிகாப்டரின் அதிர்வும் குண்டும் குழியுமான சாலையும், குழாயில் தேங்கிய நீர் அலைவதும் அதே மாதிரி மாற்றத்தை உண்டாக்கும். நோயாளி கேட்கிறார் என்று நினைத்துக் கருவி மூச்சுமேல் மூச்சாகக் கொடுக்கும். திரையில் நிமிடத்துக்கு 30 என்று வரும், பார்ப்பவர் நோயாளிக்கு மூச்சு வாங்குகிறது என்று எண்ணி மயக்க மருந்தைக் கூட்டிவிடவும் கூடும். கருவியின் உணர்திறனைக் கொஞ்சம் குறைத்தால் உண்மை தெரிந்துவிடும்.

சத்தத்தில் இரண்டு காதுகளும் போய்விடுகின்றன: அலாரமும் கேட்காது, ஸ்டெதஸ்கோப்பில் நெஞ்சொலியும் கேட்காது. அதனால்தான் வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடை அலைவடிவமாகக் காட்டும் கேப்னோகிராப் இங்கே இவ்வளவு முக்கியம். சாதாரணமாக 35 முதல் 45 மில்லிமீட்டர் பாதரசம். அலை திடீரென்று தட்டையானால் டியூப் நழுவியிருக்கலாம், அடைத்திருக்கலாம், கருவியிலிருந்து கழன்றிருக்கலாம். அல்லது இதயமே நின்றிருக்கலாம். பெட்டியின் எண் என்ன சொன்னாலும், நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று கண்ணால் பார்ப்பதும் இந்த அலையைப் பார்ப்பதும் சேர்ந்தால்தான் நம்பலாம்.

சந்தேகம் வந்தால் பயிற்சி பெற்றவர்கள் முதலில் செய்வது ஒன்றுதான்: வென்டிலேட்டரைக் கழற்றிவிட்டு ஆம்பு பையை மாட்டிக் கையால் அழுத்துவது. எளிதாக அழுந்தி நெஞ்சு எழுந்தால் குறை கருவியில். இறுக்கமாக எதிர்த்தால் டியூப் இடம் மாறியதா, அடைத்ததா, நுரையீரலில் காற்றுக் கசிவா என்று தேட வேண்டும். கருவியின் திறன்களைப் பட்டியலிடும் தரவுத்தாளில் எவ்வளவு பெரிய எண்கள் இருந்தாலும் பையை வண்டியில் விட்டுவிட்டுக் கருவியை மட்டும் தூக்கிக்கொண்டு போகக் கூடாது என்பதில் எனக்குச் சமரசமே இல்லை.

தரவுத்தாளை எப்படிப் படிப்பது

அவசரகால வாகனங்களில் வைக்கும் மருத்துவக் கருவிகளுக்கென்று ஐஇசி 60601-1-12 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது. பொதுவாக 0 முதல் 40 டிகிரி வரை இயங்க வேண்டும். மைனஸ் 20இலும் 50இலும் குறைந்தது 20 நிமிடமாவது தாக்குப்பிடிக்க வேண்டும். காற்றழுத்தம் 620 ஹெக்டோபாஸ்கல் வரை, அதாவது ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரம் வரை, சரியாக வேலை செய்ய வேண்டும் என்று அது கேட்கிறது. அந்த 20 நிமிடம் என்பதைக் கவனியுங்கள். வண்டியிலிருந்து இறங்கி நோயாளியை எடுத்துவரும் நேரத்துக்கான கணக்கு அது. பனியில் இரவெல்லாம் காத்திருப்பதற்கு அது பொருந்தாது. ஐபி 34 மாதிரி வரும் எண், கருவிக்குள் வெளிப்பொருள் நுழையாமல் எவ்வளவு தடுக்கும் என்பதைச் சொல்வது; முதல் இலக்கம் திடப்பொருளுக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 4 என்றால் எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும், மூழ்கினால் தாங்காது.

தாளில் வெப்பநிலை இரண்டு இடத்தில் இருக்கும்: இயங்கும் வெப்பநிலை, சேமிப்பு வெப்பநிலை. சேமிப்புக்கான வரம்பு பொதுவாக அகலமாக இருக்கும், விளம்பரத்தில் முன்னால் நிற்பதும் பெரும்பாலும் அதுதான். மைனஸ் 30 டிகிரியில் வைத்திருக்கலாம் என்பதற்கு, அந்தக் குளிரில் எடுத்த உடனே சுவிட்சைப் போடலாம் என்று பொருள் இல்லை. குளிர்ந்த கருவியைச் சூடான வண்டிக்குள் கொண்டுவந்தால் உள்ளே ஈரம் படியும், சென்சார் தவறாக அளக்கும். எவ்வளவு நேரம் காத்திருந்து பயன்படுத்த வேண்டும் என்பதைத் தயாரிப்பாளர் கையேட்டில் குறிப்பிட்டிருப்பார். கருவி வந்த அன்றே அந்த எண்ணைத் தேடிப்பிடித்துப் பெட்டியின் மேல் எழுதி ஒட்டிவிடலாம்.